டெர்மினல் நிரல் திரையில் குழம்பினால்

லினக்ஸில் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள். கட்டம் போட்ட மெனு, அம்புக்குறியை அழுத்தினால் மேலும் கீழும் நகரும் தேர்வு, அடியில் ஒரு நிலைவரி. உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பர் தன் மேக்கிலிருந்து சர்வரில் நுழைந்து அதை ஓட்டினால், டெர்மினலைத் திறக்க முடியவில்லை என்று ஒற்றை வரிப் பிழையோடு நின்றுவிடுகிறது. விண்டோஸ்காரருக்குத் தொடங்கவே இல்லை. புட்டி வழியாக வந்தவருக்குக் கட்டத்தின் கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் எல், க்யூ, எக்ஸ் என்று எழுத்துகள் கொட்டிக்கிடக்கின்றன. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை.

இப்படிப்பட்ட நிரல்களின் அடியில் பெரும்பாலும் கர்சஸ் என்ற நூலகம் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் அதன் பெயர் என்கர்சஸ், விண்டோஸில் பிடிகர்சஸ். பைதானின் கர்சஸ் தொகுதியும் இவற்றின் மேல் போட்ட மெல்லிய உறைதான். திரை குழம்பினால் நாம் முதலில் நம் நிரலைக் கிளறுகிறோம். பிழை அங்கே இருப்பது குறைவு. டெர்மினல் ஒன்றாக இருக்க, நூலகம் அதை வேறொன்றாக நினைத்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் இந்த நினைப்பு பிசகியது என்று வரிசையாகப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நூலகம் எதை நம்பி ஓடுகிறது?

1970களில் டெர்மினல் என்பது கணினியோடு கம்பியில் இணைத்த தனிக் கருவி. திரையைத் துடைக்க ஒரு நிறுவனத்தின் கருவி ஒரு குறியீட்டைக் கேட்டது, இன்னொன்று வேறொன்றைக் கேட்டது. பெர்க்லியில் விஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய், ஒவ்வொரு கருவிக்கும் எந்தக் குறியீடு என்று பட்டியல் போட்டார். அது டெர்ம்கேப். அதே வளாகத்தில் கென் ஆர்னால்ட் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் கர்சஸ் நூலகத்தை எழுதினார். பின்னால் பெல் ஆய்வகத்தில் மேரி ஆன் ஹார்டன் உருவாக்கிய டெர்மின்ஃபோ, டெர்ம்கேப்பின் இடத்தைப் பிடித்தது. இன்று நம் திரையில் ஓடும் டெர்மினல்கள் எல்லாமே மென்பொருள். ஏறக்குறைய எல்லாமே 1978இல் வந்த விடி100 கருவியின் பேச்சைப் பேசுகின்றன. ஆனால் ஆளுக்கு ஆள் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சத்தில்தான் சிக்கல்.

ஆக, நூலகம் நம்புவது இரண்டை. ஒன்று, டெர்ம் என்ற சூழல் மாறியில் இருக்கும் பெயர். மற்றொன்று, அந்தப் பெயருக்கு டெர்மின்ஃபோவில் இருக்கும் விவரம். பெயர் தவறானாலும் விவரம் இல்லாவிட்டாலும் நூலகத்துக்குக் கண் தெரியாது.

முதலில் பெயரைப் பாருங்கள்

டெர்ம் மாறியின் மதிப்பை எக்கோ கட்டளையால் அச்சிடுங்கள். பிறகு இன்ஃபோசிஎம்பி கட்டளையை வெறுமனே ஓட்டுங்கள். அந்தப் பெயருக்கு விவரம் இருந்தால் நீளமாகக் கொட்டும். இல்லாவிட்டால் பிழை வரும். பிழை வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கிட்டி போன்ற புதிய டெர்மினல்கள் தங்களுக்கென்று தனிப்பெயர் வைத்துக்கொள்கின்றன. எஸ்எஸ்எச் அந்தப் பெயரைச் சர்வருக்கும் எடுத்துச்செல்லும். பழைய சர்வருக்கு அந்தப் பெயர் தெரியாது. மேக்கில் இதுவே தலைகீழாக நடந்தது. ஆப்பிள் நெடுங்காலம் 2008இல் வந்த என்கர்சஸ் 5.7ஐயே வைத்திருந்ததால், டெர்மினலுக்குள் இன்னொரு டெர்மினலாக ஓடும் டிமக்ஸின் 256 நிறப் பெயர் அதன் பட்டியலில் இல்லை.

சரியான மருந்து, விவரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தெரிந்த கணினியில் இன்ஃபோசிஎம்பி கொடுக்கும் வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, தெரியாத கணினியில் டிஐசி கட்டளையால் தொகுத்தால் போதும். வீட்டு அடைவுக்குள் டெர்மின்ஃபோ என்ற மறை அடைவில் அது அமர்ந்துகொள்ளும். நிர்வாகி அனுமதி வேண்டாம். அந்த அடைவை லினக்ஸில் திறந்தால் எக்ஸ்டெர்மின் விவரம் எக்ஸ் என்ற உள்ளடைவில் இருக்கும். மேக்கில் அதே விவரம் 78 என்ற உள்ளடைவில் இருக்கும். பயப்பட வேண்டாம், எக்ஸ் எழுத்தின் பதினாறடிமான எண்தான் 78. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத கோப்பு முறைமைக்காகச் செய்த ஏற்பாடு அது. அடைவையே அப்படியே நகலெடுத்து வைத்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவசரத்துக்கு எக்ஸ்டெர்ம்-256கலர் என்று பெயரை மாற்றி ஓட்டலாம். அந்த ஒருமுறைக்கு மட்டும். அதையே பேஷ் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்தால், நாளை டிமக்ஸுக்குள் போகும்போது அங்கேயும் அதே பொய்யைச் சொல்லித் திரையைக் குலைக்கும்.

கிரான் வழியாகவோ எடிட்டரின் வெளியீட்டுப் பலகத்திலோ ஓட்டினால் அங்கே டெர்மினலே இல்லை. கர்சஸ் அங்கே ஓடாது; அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

கோடுகளும் தமிழும்

எல், க்யூ, எக்ஸ் விவகாரத்துக்கு வருவோம். விடி100இல் கோடு வரைய ஒரு மாற்று எழுத்துத் தொகுதி உண்டு. அதற்கு மாறியபின் எல் என்று அனுப்பினால் இடப்பக்க மேல்மூலை வரும், க்யூ கிடைக்கோடு, கே வலப்பக்க மேல்மூலை, எக்ஸ் நிமிர்கோடு. யூடிஎஃப்-8 முறையில் இருக்கும் சில டெர்மினல்கள் இந்த மாற்றத்தைக் கண்டுகொள்வதில்லை. எனவே எழுத்துகள் எழுத்துகளாகவே விழுகின்றன. புட்டியின் பழைய பதிப்புகளில் இது பிரபலமான தொல்லை. என்கர்சஸ்-நோ-யூடிஎஃப்8-ஏசிஎஸ் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால், நூலகம் யூனிகோடு கோடுகளையே நேராக அனுப்பும்.

தமிழ் எழுதினால் இன்னொரு படி கவனம் வேண்டும். சி மொழியில், திரையைத் தொடங்குவதற்கு முன்பே செட்லோக்கேல் அழைப்பு இருக்க வேண்டும். இணைக்கும் நூலகம் பெயரின் இறுதியில் டபிள்யூ உள்ள அகல எழுத்துப் பதிப்பாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் 'தமிழ்' என்ற சொல் 15 பைட் குப்பையாக வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் வலப்பக்கக் கோடு மட்டும் வளைந்து நிற்கிறதா? 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. லினக்ஸில் நூலகம் பொதுவாகப் புள்ளிக்கு இடம் ஒதுக்காது, இகரக் கொக்கிக்கு ஒரு கட்டம் ஒதுக்கும். ஆக நான்கு கட்டம். அதே சொல்லை மூன்று கட்டத்தில் வரையும் டெர்மினலும் உண்டு. அந்த ஒரு கட்ட வேறுபாடுதான் கோட்டை வளைக்கிறது. இதை நிரலுக்குள் முழுமையாகத் தீர்க்க முடியாது. தமிழ் வரும் பத்தியை வரியின் கடைசியில் வைத்து, அதன் வலப்பக்கம் கோடு போடாமல் விடுவது நடைமுறை வழி.

விசைகள்

கேட் கட்டளையை வி விருப்பத்தோடு ஓட்டி மேல் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, பெரிய ஏ என்று மூன்று குறிகள் வரும். ஒரு விசைக்கு மூன்று குறிகள்! கீபேட் அழைப்பை நிரலில் போட்டிருந்தால் நூலகம் அவற்றைச் சேர்த்து 259 என்ற ஒரே எண்ணாகத் தரும். போடாவிட்டால் 27, 91, 65 என்று மூன்று எண்கள் தனித்தனியாக வந்து விழும்.

எஸ்கேப் விசையை அழுத்தினால் நிரல் ஒரு நொடி தூங்குவதற்கும் இதுவே காரணம். இது தனி எஸ்கேப்பா, அம்புக்குறியின் தொடக்கமா என்று தெரியாமல் என்கர்சஸ் 1000 மில்லிநொடி காத்திருக்கிறது. எஸ்க்டிலே மதிப்பை 25 என்று குறைத்தால் காத்திருப்பு தெரியாது. பின்னழி விசை சில இடங்களில் 127, சில இடங்களில் 8, சில இடங்களில் 263. மூன்றையும் ஏற்றுக்கொள்ளுமாறு எழுதிவிடுங்கள்.

விண்டோஸ்

விண்டோஸுக்கான அதிகாரபூர்வ பைதானில் கர்சஸ் கிடையாது. அண்டர்ஸ்கோர்-கர்சஸ் தொகுதி இல்லை என்ற பிழை அதனால்தான். பிப் வழியாக விண்டோஸ்-கர்சஸ் தொகுப்பை நிறுவினால் பிடிகர்சஸை அடிப்படையாகக் கொண்ட பதிப்பு வரும். லினக்ஸில் இதே பிழை வந்தால் காரணம் வேறு: என்கர்சஸின் தலைப்புக் கோப்புகள் இல்லாத கணினியில் பைதானைத் தொகுத்திருப்பார்கள். டெபியன், உபுண்டுவில் லிப்என்கர்சஸ்-டெவ், ஃபெடோராவில் என்கர்சஸ்-டெவல் நிறுவிவிட்டு மறுபடி தொகுக்க வேண்டும்.

பிடிகர்சஸ் டெர்ம் மாறியைப் பார்த்து ஓடுவதில்லை. விண்டோஸ் கன்சோலோடு நேராகப் பேசுகிறது. எனவே மேலே சொன்ன பெயர்ச் சிக்கல் அங்கே இல்லை. வேறு சில்லறைத் தொல்லைகள் உண்டு. சாளரத்தின் அளவு மாறினால் என்கர்சஸ் தானே சரிசெய்துகொள்ளும். பிடிகர்சஸில் அளவு மாறிய செய்தி வந்ததும் ரீசைஸ்-டெர்ம் செயற்கூற்றை இரண்டு சுழியங்களோடு நீங்கள்தான் அழைக்க வேண்டும். இந்த வேறுபாடுகள் வேண்டாம் என்பவர்களுக்கு டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. அதற்குள் ஓடுவது லினக்ஸின் என்கர்சஸ்தான்.

நிரல் செத்து, திரையும் செத்தால்

நடுவில் நிரல் முறிந்தால் தட்டுவது தெரியாது, வரிகள் படிக்கட்டுப் போல இறங்கும். டெர்மினலை மூட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். எண்டர் வேலை செய்யாவிட்டால் கன்ட்ரோலும் ஜேயும். பைதானில் கர்சஸின் ராப்பர் செயற்கூற்றுக்குள் நிரலை ஓட்டினால் முறிந்தாலும் திரையை மீட்டுவிட்டுத்தான் வெளியேறும். நிரலுக்குள் சோதனைக்காகப் பிரிண்ட் போடுவதையும் விடுங்கள். திரையில் என்ன இருக்கிறது என்று நூலகம் மனக்கணக்கு வைத்திருக்கிறது. மாறியதை மட்டுமே அனுப்புகிறது. அதற்குத் தெரியாமல் நீங்கள் எழுதினால் கணக்கு தப்பிவிடும். சோதனைச் செய்திகளைக் கோப்பில் எழுதுங்கள்.

உதவி கேட்கும்போது திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினால் யாராலும் காரணம் சொல்ல முடியாது. இயங்குதளம், டெர்மினல் மென்பொருளின் பெயர், டெர்ம் மாறியின் மதிப்பு, லோக்கேல் கட்டளையின் வெளியீடு, நூலகத்தின் பதிப்பு ஆகிய ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றை எழுதி முடிப்பதற்குள் பாதிப்பேருக்கு விடை தானே தெரிந்துவிடும்.