கன்றுக்குட்டிக்கும் பூண்டு, ஓமம்!

பூண்டும் ஓமமும் நம் வயிற்றுக்கு மட்டும்தானா? பால்மாட்டுக் கன்றுகளின் தீவனத்திலும் இப்போது சேர்க்கிறார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தபின் மூலிகைகள் மீது கவனம் கூடியது. ஓமத்தில் உள்ள தைமால் கிருமிகளை அடக்கும்.

அதற்காக அள்ளிப் போட வேண்டாம். வாடை தூக்கலானால் கன்று முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கஷாயத்தைக் கண்ட நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான்!

எந்த மூலிகையும் சீம்பாலுக்கு ஈடாகாது. அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் நாளில்தான் உறிஞ்சும். அதுவும் மணிக்கு மணி குறையும். கழிச்சல் கண்ட கன்றைச் சாய்ப்பது பெரும்பாலும் நீரிழப்பு. கஷாயம் காய்ச்சி நேரத்தைக் கடத்தாமல், தாது உப்புக் கரைசல் கொடுத்துக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.