எதிர் வீட்டு மாத்திரை

42 வயதில் எனக்கு மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீடிக்க ஆரம்பித்தது. கட்டி கட்டியாகப் போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "இந்த வயசுல அப்படித்தான். இதைப் போடு, குறைஞ்சிடும்" என்று எதிர் வீட்டு அக்கா, தனக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்த டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைத் தந்தார். குறையத்தான் செய்தது! அடுத்த மாதம் நானே கடையில் வாங்கி விழுங்கினேன்.

மூன்றாம் மாதம் தலை சுற்றி விழுந்தேன். லேடி டாக்டர் முதலில் கேட்டது, "காலில் எப்பவாவது ரத்தம் உறைஞ்சிருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது கால் வீங்கி, ரத்தக் குழாயில் உறைகட்டி என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவள் நான்.

இந்த மாத்திரை, உறைந்த ரத்தத்தைக் கரைய விடாமல் பிடித்து வைக்கிறதாம். ஜப்பானில் உடாகோ ஒகமோடோ என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1962-ல் உலகுக்குச் சொன்ன மருந்து. பிரசவத்தில் உதிரம் பெருகினால், மூன்று மணி நேரத்துக்குள் ஊசியாகப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் என்னைப் போல உறைகட்டி வந்தவர்களுக்கு ஆகாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. மற்றவர்களுக்கும், போக்கு அதிகமுள்ள நாலைந்து நாட்களுக்குத்தான். காலில் வீக்கம், வலி, திடீர் மூச்சுத் திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது, ஹீமோகுளோபின் 7. போக்கு குறைகிறதே என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னதும், "ஐயோ, நாத்தனாருக்கும் கொடுத்தேனே!" என்று போனை எடுக்க ஓடினார்.