கணிப்பொறிக்கேற்ற கம்பியில்லா ஒலி இணைப்பி

மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் புளூடூத் வசதி அமைந்திருப்பதில்லை. யூ.எஸ்.பி. துளையில் செருகப்படும் சிறு இணைப்பி ஒன்று இக்குறையை நீக்குகின்றது. ஆயினும் டெபியன், பாஸ் லினக்ஸ் போன்ற திறந்த மூல இயக்குதளங்களை உபயோகிப்போர், பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள பதிப்பு எண்ணை மட்டும் நம்பி இதனை வாங்குதல் கூடாது. உள்ளிருக்கும் சில்லு எது என்பதே முதலில் அறியத்தக்கது.

புளூடூத் சாதனங்கள் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ரேடியோ அலைகளால் இயங்குகின்றன. ஒலியை அனுப்பும் வழக்கமான முறையில், 79 அலைவரிசைகளிடையே விநாடிக்கு 1,600 முறை வரை தாவிச் செய்தி அனுப்பப்படுகின்றது. ஓர் அலைவரிசையில் இடையூறு நேரினும் தொடர்பு அறுபடாதிருப்பது இதனாலேயே ஆகும்.

லினக்ஸின் கருவில் புளூடூத்துக்கான 'புளூஸி' என்னும் நிரல் 2001ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. எனவே தனி நிரல் எதுவும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. ஆனால் சில சில்லுகள், மின்சாரம் பெறுந்தோறும் தமக்குரிய உள்நிரலைக் கணிப்பொறியிலிருந்து ஏற்றிக்கொள்பவை. அக்கோப்பு இல்லையெனில் அவை செவ்வனே இயங்கா. அன்றியும், புகழ்பெற்ற சில்லுகளின் அடையாள எண்ணைப் பூண்டு வரும் போலிகளும் சந்தையில் உண்டு. இவற்றுட் சிலவற்றை இயங்கச் செய்யும் பொருட்டு லினக்ஸ் வல்லுநர்கள் தனித் திருத்தங்களையே எழுத நேர்ந்தது. ஆகவே சில்லின் பெயரைக் கேட்டறிந்து, தம் இயக்குதளத்தின் பதிப்பு அதனை ஏற்குமா என்று பார்த்த பின்னரே வாங்குதல் நலம். மலிவான சரக்காயின், திருப்பித் தரும் வசதியுள்ள கடையை நாடுதல் வேண்டும்.

பதிப்பு எண் உயர்ந்ததாயின் இசையும் உயரும் என்பது தவறான எண்ணமாகும். ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை இணைப்பியின் பக்கமும் ஹெட்போனும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். 'எஸ்.பி.சி.' என்னும் முறை இசைக்கான புளூடூத் சாதனங்கள் அனைத்திற்கும் பொதுவானது. வேறு முறை ஒத்துவராதபோது அதுவே கையாளப்படும்.

ஒலிவாங்கியுள்ள ஹெட்போனை உரையாடலுக்கு உபயோகிக்கும்போது இசையின் தரம் சட்டெனத் தாழ்வதுண்டு. இது பழுதன்று. வழக்கமான புளூடூத்தில், பேச்சுக்குரிய முறைக்கு மாறியதும் ஒலி ஒற்றைத் தடமாகி, விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாகக் குறைகின்றது. தனி ஒலிவாங்கியொன்றைக் கம்பி வழியே இணைத்துக்கொண்டால் இத்தொல்லை இராது.

மற்றொரு வகை இணைப்பியும் உண்டு. அது புளூடூத் வேலை முழுவதையும் தானே செய்துகொண்டு, கணிப்பொறிக்கு ஒரு சாதாரண யூ.எஸ்.பி. ஒலி அட்டையாகவே தோற்றமளிக்கின்றது. உள்நிரல் பற்றிய கவலை இதிலில்லை. ஆனால் விசைப்பலகையோ சுட்டியோ இதனுடன் இணையா. ஒலி மட்டும் வேண்டுவோர்க்கு இதுவே எளிய வழி.

யூ.எஸ்.பி. 3 துளையில் இயங்கும் வட்டு முதலியவை எழுப்பும் மின் இரைச்சல் இதே அலைப்பகுதியைத் தாக்கக்கூடும். ஒலி விட்டு விட்டுக் கேட்குமாயின், சிறு நீட்டிப்புக் கம்பியால் இணைப்பியைச் சற்றுத் தள்ளி வைத்தல் போதுமானது.

பார்வையற்றோர், திரையெழுத்தைப் படித்துக் காட்டும் 'ஓர்கா' போன்ற நிரலின் குரலையே நம்பிக் கணிப்பொறியை இயக்குகின்றனர். கம்பியில்லா ஒலியில் நேரும் சிறு தாமதமும் அவர்கள் வேலைக்குத் தடையாகும். இணைப்பி பழுதுபட்டாலோ கணிப்பொறியே ஊமையாகிவிடும். ஆதலின் இணைப்பி எத்துணைச் சிறந்ததாயினும், கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றை அருகில் வைத்திருப்பது அவர்களுக்கு இன்றியமையாதது.