பள்ளிக்கூடம் போனால் போதுமா? வாசிக்கத் தெரிய வேண்டாமா?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வரும். "எம் பிள்ளை நாலாங்கிளாஸ், ஒரு நாளும் லீவு போடமாட்டா" என்பார் ஒருவர். "எம் பையன் வருசா வருசம் பாஸ் ஆயிட்டுதான் வாறான்" என்பார் இன்னொருவர். கேட்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால், "உங்க பிள்ளை புத்தகத்தில் ஒரு பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் வாசிக்குமா?" என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "அத டீச்சர்லா பாக்கணும், எனக்கு எழுத்து தெரியாதுல்லா" என்று சொல்லி விடுகிறோம்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது வேறு, பிள்ளை படிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

நம் மண்ணின் பெருமை

கல்வியில் நம் மாவட்டத்துக்குப் பெரிய பெயர் உண்டு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அதற்கு முன்பே மயிலாடியில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். 1819-இல் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு என்றே பள்ளி வந்தது. மார்த்தா மால்ட் என்ற அம்மையார் அங்கே எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக் கொடுத்தார். ரேந்தை விற்ற பணம் பள்ளியை நடத்த உதவியது. கையில் ஒரு தொழில், அதிலிருந்து வருமானம், அந்த வருமானத்தில் படிப்பு. இன்று நம் குழுக்கள் செய்வதும் இதுதானே!

1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு இணைந்தோம். அதே காலத்தில்தான் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அந்த உணவைச் சமைக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற குழுப் பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

இத்தனை பேர் உழைத்ததன் பலன், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 100-க்குச் சுமார் 92 பேர் எழுத்தறிவு பெற்றவர்களாக, தமிழ்நாட்டிலேயே நம் மாவட்டம் முதலிடத்தில் நின்றது. மாநிலத்தின் சராசரி 80.

சரி, பெருமை எல்லாம் இருக்கட்டும். அண்டி ஆபீசுக்கும் பால்வெட்டுக்கும் கடலுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இன்று வகுப்பில் என்ன கற்கிறார்கள்? அதை அந்த 92 நமக்குச் சொல்லாது.

மலாவி சொல்லும் பாடம்

கதவைத் திறந்து விட்டால் படிப்பு தானாக வந்து விடுமா? இதற்கு ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி என்ற நாடு நல்ல உதாரணம். மிக ஏழை நாடு. சோளமும் புகையிலையும் பயிரிடும் விவசாயிகள் நிறைந்த நாடு.

1994-இல் மலாவி அரசு, தொடக்கப் பள்ளியில் இனிக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருடத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஆனது. ஆனால் அந்த வேகத்தில் ஆசிரியர்களும் வகுப்பறைகளும் புத்தகங்களும் வரவில்லை. கீழ் வகுப்புகளில் ஒரு ஆசிரியர் முன்னால் நூறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். பல ஊர்களில் மரத்தடியே வகுப்பறை. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் படிப்பை விட்ட பிள்ளைகள் ஏராளம்.

கட்டணத்தை எடுத்தது தப்பில்லை. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தது பாதி வேலைதான். 2022-இல் உலக வங்கியும் யுனெஸ்கோ போன்ற அமைப்புகளும் சேர்ந்து ஒரு மதிப்பீடு வெளியிட்டன. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 70 பேரால் எளிய பத்தி ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இது 90-ஐ நெருங்குகிறது.

மலாவியில் நமக்குப் பிடித்த விஷயம் ஒன்றும் உண்டு. அங்கே பள்ளிக்கூடங்களில் 'தாய்மார் குழு' என்று வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் கல்யாணம் முடித்ததாலோ, பிள்ளை பெற்றதாலோ படிப்பை விட்ட பெண்களின் வீட்டுக்கு அந்தத் தாய்மார்கள் போய்ப் பேசி, திரும்பவும் பள்ளிக்கு அழைத்து வருகிறார்கள். அவர்களில் அதிகம் படிக்காதவர்களும் உண்டு. பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கத் தாய்க்குப் பட்டம் தேவையில்லை என்பதற்கு இது சாட்சி.

நம் வீட்டு நிலைமை என்ன?

மலாவி போன்ற நெருக்கடி நமக்கு இல்லை. ஆனால் "சேர்ந்தாச்சு, பாஸ் ஆயாச்சு" என்று நாமும் நிம்மதியாக இருக்க முடியாது. இந்தியக் கிராமங்களில் பிரதம் என்ற நிறுவனம் நடத்தும் 'அசர்' ஆய்வைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 100-க்குச் சுமார் 27 பேர். 2022-இல் சுமார் 20 பேர். 2024-இல் மறுபடியும் சுமார் 27. நடுவில் விழுந்ததற்குக் காரணம் கொரோனா. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. அதைச் சரிசெய்யத்தான் 2021-இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன.

இன்னொரு காரணத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தாலும் வகுப்புகள் ஐந்து. இரண்டு பேர் ஐந்து வகுப்புக்கும் பாடம் எடுத்தால், ஒரு வகுப்புக்கு ஆசிரியர் நேரம் பாதிகூடக் கிடைக்காது. ஒருவர் லீவு போட்டாலோ பயிற்சிக்குப் போனாலோ நிலைமை இன்னும் மோசம். பின்தங்கிய பிள்ளையைத் தனியாகக் கவனிக்க நேரம் எங்கே? ஆகவே டீச்சரைக் குற்றம் சொல்லி மட்டும் ஆவதொன்றுமில்லை.

"அப்படின்னா இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திரலாம்" என்று குழுக் கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிறோம். கட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் பீஸ் கட்டியதால் மட்டும் பிள்ளைக்கு வாசிக்க வந்து விடாது. அங்கே படிக்கும் பிள்ளையையும் இதே மாதிரி சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைப் பெயிலாக்கி நிறுத்துவதில்லை என்பது நம் மாநில வழக்கம். அது நல்லதுதான். பெயிலான பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், படிப்பையே விட்டு விடுவார்கள். ஆனால் இதனால் 'பாஸ்' என்ற சொல்லை வைத்துப் படிப்பை அளக்க முடியாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அஞ்சு நிமிஷச் சோதனை

எழுத்து தெரியாத தாயும் இதைச் செய்யலாம். பிள்ளையை அதட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்துப் பையக் கேளுங்கள்.

1. மூன்றாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுங்கள். இன்னும் நடத்தாத பாடமாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நடத்திய பாடத்தை மனப்பாடமாகச் சொல்லி விடுவார்கள்.
2. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். பிறகு அதே சொல் வேறு வரியில் எங்கே வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.
3. வாசித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கதை புரிந்ததா என்று உங்களுக்கே தெரியும்.
4. கடைக்கு அனுப்பும்போது, "100 ரூபாய் கொடுத்து 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மிச்சம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

தடுமாறினால் பயப்பட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்ததே பாதி வெற்றி.

கூட்டத்தில் நமக்கும் நாற்காலி உண்டு

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் அது ஆலோசனை மட்டும் சொல்லலாம். நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய. ஆலோசனை என்றாலும், பத்துத் தாய்மார்கள் சேர்ந்து சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

பெயரைக் கொடுத்துவிட்டு, கூப்பிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது போதாது. வங்கியில் மேனேஜர் முன் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் நமக்குத் தலைமையாசிரியர் முன் பேச என்ன தயக்கம்? மரியாதையாக இதைக் கேட்போம்:

- எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை? அவர்களுக்குத் தனியாக என்ன செய்கிறோம்?
- ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா? நிரப்பக் கேட்டு எழுதினோமா?
- குடிதண்ணீரும், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் உபயோகிக்கும் நிலையில் உள்ளனவா?
- நெடுநாள் வராத பிள்ளை யார்? அந்த வீட்டுக்கு நாம் யார் போய்ப் பேசுவது?

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள், உறுப்பினர்களின் வீட்டில் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்யட்டும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், எந்தப் பிள்ளையும் கூச்சப்படக் கூடாது. ஊரில் பிளஸ் டூவோ கல்லூரியோ படிக்கும் பெண் ஒருவரைக் கேட்டு, மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் செய்யலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்து, முதலில் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள்.

வாங்கிய கடனுக்குத் தவணை தவறாமல் கணக்குப் பார்க்கிறோம். பிள்ளையின் பத்து வருடப் படிப்புக்கும் அப்படியே கணக்குப் பார்ப்போம். நாம் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு குழுவைத் தொடங்கினோம். நம் பிள்ளைகள் எழுதியதை வாசித்து, புரிந்து, அதன்பிறகு கையெழுத்துப் போடுகிறவர்களாக வளரட்டும்.