அடை படுக்கிற கோழியா, முட்டைக் கோழியா?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கொல்லையில் ஆறேழு கோழி விட வேண்டும், எந்த இனம் வாங்கலாம் என்று வருகிறவர்கள் எல்லோரும் விசாரிப்பது, வருஷத்துக்கு எத்தனை முட்டை இடும் என்பதைத்தான். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த குஞ்சு எங்கிருந்து வரப்போகிறது?

நம் ஊர்ச் சிறுவிடை பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். அடை 21 நாள். பொரித்த குஞ்சுகளோடு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் திரியும். அதுவரை முட்டை கிடையாது. ஆகவே வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ஐம்பது, அறுபதுதான். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. முட்டை இடாத நாளிலெல்லாம் அது நமக்காகக் குஞ்சு பொரிக்கிறது, கிளறித் தின்னப் பழக்குகிறது, பருந்து தெரிந்தால் குரல் கொடுத்து இறக்கைக்குள் சேர்க்கிறது. மின்சாரம் போனால் அணைந்துவிடும் பல்பு இல்லை அதன் வயிற்றுச் சூடு.

நாமக்கல் பண்ணைகளில் இருப்பது வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழி. 300 முட்டை வரை இடுகிறதென்றால், அடை படுக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்துத் தேர்ந்தெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அளந்து வைக்கும் தீவனம் இன்னொரு காரணம். குப்பையைக் கிளறிப் பிழைக்கச் சொன்னால் அந்தக் கணக்கு வராது.

இரண்டுக்கும் நடுவில் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் கிராமப்பிரியாவும் வனராஜாவும் இருக்கின்றன. கிராமப்பிரியா முட்டைக்கு; வனராஜா கறிக்கும் சேர்த்து. மேய்ச்சலோடு கொஞ்சம் தீவனமும் போட்டால் கிராமப்பிரியா 150 முட்டைக்கு மேல் தரும். ஆனால் இவை கலப்பில் வந்தவை. இவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் தாயின் குணம் குஞ்சுக்கு அப்படியே வராது. ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சு வாங்கி, ஐந்தாறு வாரம் சூடு கொடுத்து வளர்த்துத்தான் வெளியே விட வேண்டும்.

கடக்நாத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. கறிதான் கறுப்பு, முட்டை கறுப்பாக இருக்காது. அடையும் சரியாகப் படுக்காது. அசில் பெட்டை நல்ல தாய். ஆனால் முட்டை குறைவு, ஒரே கொல்லையில் இரண்டு சேவல் இருந்தால் ரத்தம் பார்க்காமல் விடாது.

என்னைக் கேட்டால், நான்கு சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவல், வீட்டு முட்டைக்கு இரண்டு கிராமப்பிரியா. சிறுவிடை வாங்கும்போது அதன் தாய் அடை படுத்த கோழிதானா என்று விசாரியுங்கள். சந்தையில் வாங்குவதைவிட அக்கம்பக்கத்து வீட்டில் வாங்குவது அதனால்தான் நல்லது. கிராமப்பிரியா முட்டையை அடையில் கலந்து வைக்காமல் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், சிறுவிடை வம்சம் கலையாமல் நிற்கும்.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் வந்தால் சிறுவிடையும் ஒரே வாரத்தில் கொல்லையோடு போகும். குஞ்சு பொரித்த ஏழாம் நாளே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட்டுவிட வேண்டும். அடுத்த தவணை எப்போது என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.