ஓடைக் கல்லடி வண்டுகள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பாய்ந்தோடும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். எள்ளளவு கறுத்த வண்டுகள் ஒட்டியிருக்கலாம். மூச்சு வாங்க இவை மேலே வருவதில்லை. உடம்பின் நுண்மயிர்கள் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலம், தண்ணீரில் கரைந்த ஒட்சிசனை உள்ளே இழுத்துக் கொடுக்கும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! துணி துவைக்கும் சவர்க்காரம் மிகுந்தால் அந்தப் படலமே குலைந்துவிடும். தேயிலைச் சரிவில் கரைந்து வரும் மண்ணும் மாணிக்கக் குழிச் சேறும் கல்லிடுக்கை அடைத்தால், வண்டுக்கு இருக்க இடமில்லை.

1970இல் வியன்னாப் பல்கலைக்கழகமும் களனியின் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இலங்கையின் மலையோடைகளை ஆராய்ந்தன. அப்போது சேகரித்த வண்டினங்களின் விவரம் அச்சில் இருக்கிறது. அதே ஓடைகளில் மறுபடி தேடினால், அரை நூற்றாண்டில் எந்த வண்டு மிஞ்சியது, எது போனது என்பது தெரியவரும்.