ஜெர்மனிப் படிப்பு: பாதி வேலை கோவையில்தான்

பீளமேடு, பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு என இன்ஜினீயரிங் கல்லூரி உள்ள ஊர்களிலெல்லாம் இப்போது ஜெர்மனிப் பேச்சுதான். பம்ப்செட், ஃபவுண்டரி, மில் மெஷினரி என்று வளர்ந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த நாட்டின் மேல் நாட்டம் வருவது இயல்பு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமும் கிடையாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்திலும், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களிலும்தான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் கட்டணம் கட்டவேண்டியிருக்கும். 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 49,000 பேருக்கு மேல். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்குத்தான் முதலிடம்.

இவர்களை வாட்டுவது பாடம் மட்டுமல்ல, காகிதமும்தான். அந்த அலைச்சலில் பாதி கோவையிலேயே தொடங்குகிறது. கோவையிலேயே தீர்க்கவும் முடியும்.

ஒரே சி.ஜி.பி.ஏ., இரண்டு தலைவிதி

ஜெர்மனியில் 1 என்பது சிறந்த மதிப்பெண், 4 என்பது பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.வை அந்த அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிகபட்சப் புள்ளி, பாஸ் ஆவதற்கான குறைந்தபட்சப் புள்ளி, மாணவர் வாங்கிய புள்ளி ஆகிய மூன்றும் அதில் சேரும்.

7.8 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாஸ் புள்ளி 5 என்று கணக்கிட்டால் அவருக்கு 2.32 வரும். 6 என்று கணக்கிட்டால் 2.65. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதாவது முதல் கணக்கில் உள்ளே, இரண்டாவதில் வெளியே. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் குறைந்தபட்சப் பாஸ் கிரேடுக்கு 6 புள்ளி. 2021 ரெகுலேஷனில் 5. தன் பேட்சுக்கு எது பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு கடிதம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கையில் இல்லாவிட்டால், ஜெர்மனியில் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக் கணக்கிடுவார்.

இன்னொரு சிக்கல், பல்கலைக்கழகத்தின் பெயர். ஒரு காலத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கோவை வட்டார இன்ஜினீயரிங் கல்லூரிகள், பிறகு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும், 2007-இல் கோவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழும், 2012-இல் மறுபடி சென்னையின் கீழும் வந்தன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் மார்க் ஷீட் கல்லூரி பெயரிலும் டிகிரி பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருக்கும். நமக்கு இது பழகிப்போனது. அங்கே இருப்பவருக்கு இது சந்தேகம் எழுப்பும் ஃபைல்.

இப்படிப்பட்ட ஃபைல்களைச் சரிபார்க்கத்தான் 2022 நவம்பர் 1 முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் வந்தது. டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்த அமைப்பு கல்விச் சான்றிதழ்களைச் சோதித்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். பெரும்பாலான மாணவர்களுக்கு இது இல்லாமல் விசா இல்லை. குளிர்கால சேர்க்கைக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். மாஸ்டர்ஸ் படிப்புகள் பலவற்றுக்கு அதற்கும் முன்பே முடிந்துவிடும். கல்லூரியில் ஒரு கையெழுத்துக்காக வாரக்கணக்கில் நடந்தால் ஒரு வருடமே போய்விடும்.

இனிஷியலும் தபால் பெட்டியும்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் 'எஸ். கார்த்திகேயன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் வேறு வரிசை என்று இருந்தால், ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்லவேண்டி வரும். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒன்றாக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது.

பெயரின் அருமை அங்கே வீட்டு வாசலில் தெரியும். தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். இன்ஷூரன்ஸ், வங்கி பின் நம்பர், குடியேற்ற அலுவலகத்தின் பதில் எனப் பலதும் இன்னும் தபாலில்தான் வருகின்றன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கெல்லாம் முன்பே, விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுன்ட்டுக்கு 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ தேவை. அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம்.

அங்கே அரியர் இல்லை

பெற்றோரும் பிள்ளையும் மனத்தில் நிறுத்தவேண்டியது இதுதான். நம் ஊரில் அரியர் வைத்து, பிறகு எழுதிக்கொள்ளலாம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பேப்பருக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் படிப்பே முடிந்தது. அதே பாடத்தை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் அநேகமாக முடியாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் குறித்த தேதிக்குள் பணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பெயர் நீக்கப்படும். காய்ச்சலில் படுத்தால் பரீட்சை அன்றைக்கே டாக்டர் சான்றிதழ் வாங்க வேண்டும்.

தெரிஞ்சவங்க வேண்டாம்

"அங்கெ நம்மாளு யாராச்சும் இருக்காங்களாங்க, ஒரு வார்த்தை சொல்லி வைக்க?" என்று கேட்கும் தகப்பன்மார் கொங்கு நாட்டில் நிறைய. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் ஜெர்மன் அலுவலகத்தில் செல்லுபடியாவது எழுத்தும் தேதியும். கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைக்கவேண்டும். விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச்சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை தங்குவது சட்டப்படி செல்லும். அதற்கான ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகமோ அரசு அலுவலகமோ மறுத்தால் அத்தோடு முடிந்துவிடுவதில்லை. பொதுவாக ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம், அல்லது நீதிமன்றம் போகலாம். எங்கே, எப்படி என்பது பெரும்பாலும் மறுப்புக் கடிதத்தின் அடியிலேயே அச்சாகியிருக்கும். பல இடங்களில் மாணவர் பேரவை இலவச சட்ட ஆலோசனையும் தருகிறது. மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் அதை மடித்துவைப்பதுதான் பெரிய நஷ்டம்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிரேடு முறை விளக்கம், ஆங்கிலவழிக் கல்விச் சான்று, டிரான்ஸ்கிரிப்ட், சிலபஸ் நகல், தன்னாட்சி பற்றிய விளக்கக் கடிதம் ஆகிய ஐந்தையும் ஒரே கவுன்டரில், சொன்ன தேதியில் கொடுங்கள். சேர்க்கை விளம்பரத்தில் 'வெளிநாட்டு வாய்ப்பு' என்று போடுகிற கல்லூரிக்கு இது கடமை. கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை.